தெரிந்தே செய்யும் தப்பு: வளரிளம் பருவக் குற்றமும் நியாயம் சொல்லும் விதமும்

"திருடுறது தப்புன்னு தெரியாதா உனக்கு?"

பைக் திருட்டில் சிக்கிய பதினாறு வயதுப் பையனிடம் காவல் நிலையத்தில் கேட்பது இதைத்தான். தலைமையாசிரியர் அறையிலும் இதே கேள்விதான், வீட்டிலும் இதேதான். பையன் தலையைக் குனிந்துகொண்டு "தெரியும்" என்பான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியும். திருடக்கூடாது, உண்மை பேச வேண்டும், உயிரைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், சீர்திருத்த இல்லத்தில் இருக்கிறவனும் வெளியே பள்ளிக்குப் போகிறவனும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் தருகிறார்கள். பாதை பிரிவது அடுத்த கேள்வியில்: "ஏன் தப்பு?"

"மாட்டிக்கிட்டா அடி பின்னிடுவாங்க சார்" என்பது ஒரு பதில். "அந்த வண்டிய வெச்சுத்தான் அவர் வேலைக்குப் போவாரு, தவணைகூட முடிஞ்சிருக்காது" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே திருட்டு தப்பு என்கிறார்கள். ஆனால் முதல் பையனின் கணக்கில் வண்டிக்காரர் என்று ஒரு ஆள் இல்லவே இல்லை. மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று தோன்றிய இரவில், அவனைத் தடுக்க அவனிடம் வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை.

இந்த "ஏன்" கேள்வியை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. 1932ல் வெளிவந்த அவரது ஆய்வில் சிறு குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொல்லப்பட்டன. ஒரு பையன் கதவைத் தள்ளும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் பெரிய குற்றவாளி? சின்னஞ்சிறுசுகள் பலர் பதினைந்தை உடைத்தவனைக் காட்டினார்கள். வயது ஏற ஏற, உடைந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு நோக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

லாரன்ஸ் கோல்பர்க் இதை வளரிளம் பருவத்துக்கு நீட்டினார். 1958ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வுக்காக 10, 13, 16 வயதுள்ள 72 பையன்களிடம் பேசினார். அவர் வைத்த சிக்கல்களில் ஒன்று உளவியல் மாணவர் எல்லாருக்கும் மனப்பாடம்: சாகக் கிடக்கும் மனைவிக்கான மருந்துக்குக் கடைக்காரர் 2000 டாலர் கேட்கிறார், கணவனால் திரட்ட முடிந்தது பாதிதான், அவன் மருந்தைத் திருடலாமா? திருடலாம் என்றாலும் கூடாது என்றாலும் கோல்பர்க்குக் கவலையில்லை. அதற்குச் சொல்லும் காரணத்தை வைத்து ஆறு படிகளாகப் பிரித்தார். ஆறாவது படியில் நிற்பவர்கள் நடைமுறையில் அகப்படவே இல்லை என்பதால் பின்னாளில் மதிப்பெண் முறையிலிருந்து அதை கோல்பர்க் குழுவினரே எடுத்துவிட்டார்கள்.

குற்றமிழைக்கும் சிறாரோடு வேலை செய்பவர்களுக்கு ஆறு படி தேவையில்லை. அமெரிக்காவின் ஓஹாயோவில் இருந்த ஜான் கிப்ஸ் அதை நான்காகச் சுருக்கினார். 1992ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கேள்வித்தாளில் கற்பனைச் சிக்கல் எதுவும் கிடையாது. 11 நேரடிக் கேள்விகள்தான்: நண்பனுக்குக் கொடுத்த வாக்கு, உண்மை பேசுவது, பெற்றோருக்கு உதவுவது, முன்பின் தெரியாத ஒருவரின் உயிர், பிறர் பொருள், சட்டம், நீதிபதி தண்டிப்பது இப்படி. ஒவ்வொன்றுக்கும் முதலில் "மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை" என்று ஒரு குறி. அதற்குக் கீழே ஏன் என்று சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். மதிப்பெண் இந்த இரண்டாவதற்கு மட்டுமே. பதினொன்றில் ஏழு பதில்களாவது மதிப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தாளே செல்லாது.

வாக்குக் கேள்விக்கு நம்மூர்ப் பையன் சொல்லக்கூடிய பதில்களை வைத்தே நான்கு படிகளையும் பார்த்துவிடலாம்.

"காப்பாத்தலேன்னா அடிப்பாங்க." இது முதல் படி. பெரியவர் சொன்னது, கண்ணுக்குத் தெரிகிற தண்டனை, அவ்வளவுதான்.

"இன்னிக்கு நான் செஞ்சாதான் நாளைக்கு அவன் எனக்குச் செய்வான்." இரண்டாம் படி. கொடுக்கல் வாங்கல் கணக்கு.

"என்னை நம்பித்தானே இருந்தான். அவனுக்கு எப்படி இருக்கும்?" மூன்றாம் படி. இங்கேதான் எதிராளி ஒரு மனிதனாகக் கதைக்குள் வருகிறான்.

"சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லேன்னா யாரும் யாரோடயும் எதையும் சேர்ந்து செய்ய முடியாது." நான்காம் படி. இரண்டு பேருக்கு இடையிலான உறவைத் தாண்டி, ஒரு சமூகம் எப்படி ஓடுகிறது என்ற பார்வை.

முதல் இரண்டும் சின்ன வயதுக்குரியவை. பதின்வயது நடுவில் மூன்றாம் படியில் கால் ஊன்றியிருக்க வேண்டும். குற்ற வழக்குகளில் சிக்கிய பையன்கள் பலர் இரண்டாம் படியிலேயே தங்கிவிட்டவர்கள். எல்லாத் தலைப்பிலும் ஒரே அளவு பின்தங்குவதில்லை, சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் பள்ளம் மிக ஆழம்.

படிப்பதற்கு இது எளிதாகத் தெரியும். மதிப்பெண் போட உட்கார்ந்தால்தான் வழுக்கும். "நம்பிக்கை போயிடும் சார்" என்று ஒருவன் சொன்னால் அது மூன்றாம் படியா? இன்னும் தெரியாது. "போனா என்ன?" என்று ஒரு படி உள்ளே போய்க் கேட்க வேண்டும். "அப்புறம் கடன் தரமாட்டான்" என்றால் இரண்டு. "அவன் ரொம்ப நொந்துபோயிடுவான்" என்றால் மூன்று. கேட்காமல் விட்டால், நம்பிக்கை என்ற அழகான சொல்லுக்கே மதிப்பெண் போய்விடும். "சொன்ன சொல்லைக் காப்பாத்தணும், அதுதான் முறை" என்பது போன்ற வாசகங்களுக்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் அதில் காரணம் இல்லை, கேள்வியே திரும்பி வந்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் எழுதச் சொன்னால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். அது கையெழுத்தின் குறையா சிந்தனையின் குறையா என்று பிரிக்க முடியாது. வாயால் கேட்டு, அவன் சொன்னபடியே எழுதிக்கொள்வதுதான் வழி. கேட்பவர் திருத்தமான தமிழில் சுருக்கி எழுதினால், மதிப்பெண் எழுதியவருடையதாகிவிடும்.

சரி, படி தாழ்ந்திருப்பதற்கும் குற்றத்துக்கும் தொடர்பு எவ்வளவு? 1980ல் அகஸ்டோ பிளாசி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்தார். குற்றமிழைத்த சிறாரையும் மற்றவரையும் ஒப்பிட்ட 15 ஆய்வுகளில் 10, குற்றமிழைத்தவர் பின்தங்கியிருப்பதைக் காட்டின. 2006ல் நெதர்லாந்தின் கீர்ட் யான் ஸ்டாம்ஸ் குழுவினர் 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். இடைவெளி திட்ட விலக்க அளவில், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறும் தூரத்தை ஒன்று என்று வைத்தால், 0.76 வந்தது. இந்தத் துறையில் இது பெரிய எண்.

ஆனால் பெரிய எண் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 0.76 இடைவெளி இருக்கும்போதும் இரண்டு குழுக்களின் மதிப்பெண் பரவலில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கும். அதாவது ஒரு பையனின் மதிப்பெண்ணை மட்டும் கையில் கொடுத்து, இவன் உள்ளே இருப்பவனா வெளியே இருப்பவனா சொல் என்றால், பல முறை தவறிப்போகும். அந்தத் தொகுப்பே இன்னும் சிலவற்றைச் சொன்னது. வசதி, பண்பாடு, வயது, அறிவுத்திறன் ஆகியவற்றில் சமமானவர்களை வைத்து ஒப்பிட்டால் இடைவெளி நடுத்தர அளவுக்கு இறங்குகிறது. பையன் எந்தக் குழு என்று தெரிந்தே மதிப்பெண் போட்டால் கூடுகிறது. தானே காரணம் சொல்லவைக்கும் முறையில் பெரிதாகவும், கொடுத்த பதில்களிலிருந்து பொறுக்கச் சொல்லும் முறையில் சிறிதாகவும் தெரிகிறது. நல்ல பதிலைக் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது, அதைத் தானாகவே சொல்வது வேறு.

மீண்டும் குற்றம் செய்வார்களா என்று முன்கூட்டிச் சொல்வதில் இது இன்னும் பலவீனம். 2011ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அற முதிர்ச்சிக்கும் மறுகுற்றத்துக்கும் உள்ள ஒட்டுறவு 0.11 மட்டுமே (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு).

இதைவிடச் சங்கடமான ஒரு முடிச்சும் உண்டு. பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை அறச் சிந்தனை படிப்படியாக உயர்கிறது. அதே ஆண்டுகளில்தான் குற்றமும் ஏறி, பதின்வயதின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொடுகிறது. படி தாழ்வதால்தான் குற்றம் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறுவது எப்படி?

ஒரு விடை, குற்றம் செய்யும் சிறார் எல்லாரும் ஒரே ரகமில்லை என்பது. 1945ல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 பையன்களைத் தொடர்ந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பதினெட்டுக்குள் ஒருமுறையாவது காவல்துறைப் பதிவில் ஏறியிருந்தார்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட குற்றங்களைச் செய்தது அந்த மொத்தத்தில் ஆறு சதவீதம் பேர். நியூசிலாந்தின் டனீடனில் 1972-73ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடரும் ஆய்வைக்கொண்டு டெர்ரி மொஃபிட் 1993ல் இதைத் தெளிவாக்கினார்: சிறு வயதிலேயே தொடங்கி நெடுங்காலம் நீடிக்கும் சிறு கூட்டம் ஒன்று, பதின்வயதில் மட்டும் வந்து தானாக ஓய்ந்துவிடும் பெருங்கூட்டம் ஒன்று. இரண்டாம் கூட்டத்துப் பையன்கள் பலருக்குச் சிந்தனையில் பெரிய குறை இல்லை. அவர்களுக்கு வேண்டியது கெத்து.

கெத்து பார்ப்பதற்குக் கூட்டாளிகள் வேண்டும். 2005ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரைக் கணினியில் ஒரு வண்டி ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்த பின் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிகிறார்கள் என்பது சோதனை. தனியாக ஆடியபோதைவிடச் சம வயதினர் அருகில் இருந்தபோது ஆபத்தான ஓட்டம் கூடியது. அந்தக் கூடுதல் 13 முதல் 16 வயதினரிடம் அதிகம், 24 வயதைத் தாண்டியவர்களிடம் இல்லையென்றே சொல்லலாம்.

இன்னொரு விடைதான் எங்கள் பார்வையில் முக்கியமானது. ஒருவனுக்கு மூன்றாம் படிச் சிந்தனை இருக்கலாம். அதை அந்த நேரத்துக்கு அணைத்துவைக்கும் பொத்தானும் கூடவே இருக்கிறது. அந்தப் பொத்தான் சாக்கு. 1957லேயே கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்சா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சொன்னார்கள்: இந்தப் பையன்கள் சமூகத்தின் விதிகளை எதிர்ப்பவர்கள் இல்லை, ஏற்றுக்கொண்டவர்கள்தான். அதனால்தான் மீறும்போது அவர்களுக்குச் சாக்குத் தேவைப்படுகிறது. சாக்கு பின்னால் வந்து சேர்வதில்லை, முன்னாலேயே வந்து வழிவிடுகிறது.

கிப்ஸ் இவற்றை நான்கு வகையாக்கினார். நம் தெருக்களில் இவை எந்தக் குரலில் கேட்கும் என்று பார்க்கலாம். "எனக்கு வேணும், எடுத்தேன்" என்பது தன்னை மட்டும் மையமாக வைப்பது, மற்ற மூன்றுக்கும் வேர். "சாவிய வண்டியிலேயே விட்டுட்டுப் போனது அவன் தப்பு" என்பது பழியை மாற்றுவது. "சும்மா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு விட்டுடலாம்னுதான்" என்பது சிறிதாக்குவது. திருட்டுக்கு ரவுண்டு என்றும், அடிதடிக்கு சம்பவம் என்றும், மிரட்டலுக்குக் கலாய்ப்பு என்றும் பெயர் வைப்பதும் இதே வகை. "முறைச்சான் சார், அடிக்கத்தான் வந்தான்" என்பது எதிராளியிடம் மோசமானதையே எதிர்பார்ப்பது. "மச்சானுக்காகப் போனேன், விட்டுக்கொடுக்க முடியுமா" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்ஸும் மட்சாவும் இதை உயர்ந்த விசுவாசத்தைக் காரணம் காட்டுவது என்றார்கள். கேட்பதற்கு மூன்றாம் படி மாதிரியே இருக்கும். உறவு, நம்பிக்கை எல்லாம் உண்டு, ஆனால் அந்த வட்டத்துக்குள் நான்கு பேர்தான். நட்பைக் கொண்டாடும் ஊரில் இந்தச் சாக்குக்குக் கைதட்டல் நிச்சயம்.

இதைச் சரிசெய்யப் பெரியவர்கள் வழக்கமாக எடுக்கும் இரண்டு ஆயுதங்களும் மொட்டை. ஒன்று உபதேசம். தப்பு என்று ஏற்கெனவே தெரிந்தவனிடம் தப்பு என்று மறுபடி சொல்வதில் அவன் கற்பதற்கு எதுவுமில்லை, நீதிபோதனை வகுப்பின் கதியும் இதுதான். இன்னொன்று பயமுறுத்தல். 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு அரட்டவைக்கும் திட்டம் புகழ் பெற்றது, பல மாநிலங்களுக்கும் பரவியது. சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் வந்தவர்கள் எதுவும் செய்யப்படாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள்.

குழுவாக உட்காரவைத்துப் பேசுவது கைகொடுக்கும், அதற்கும் முறை உண்டு. கிப்ஸும் சக ஆசிரியர்களும் 1990களில் வடிவமைத்த ஈக்விப் என்ற திட்டத்தில் ஏழு முதல் ஒன்பது பேர், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவருக்கொருவர் உதவும் கூட்டங்கள் ஒரு பக்கம் ஓடும். கோபத்தைக் கையாளுதல், பழகும் திறன், அற முடிவெடுத்தல் ஆகியவை சுமார் பத்து வாரப் பாடங்களாக இன்னொரு பக்கம் ஓடும். அற முடிவுக் கூட்டம் ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம்.

சிக்கல்: நள்ளிரவு, தெருவோரத்தில் சாவியோடு ஒரு பைக். நண்பன் எடுக்கலாம் என்கிறான். நீ என்ன செய்வாய்? கூடிப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் முடிவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடத்துபவர் அவற்றைப் பலகையில் போடுகிறார். எடுக்க மாட்டேன் என்று எழுதியவர்களிடம் முதலில் காரணம் கேட்கிறார். "போலீஸ் வரும்", "அந்த ஆள் பாவம்", "நாளைக்கு நம்ம வண்டியும் போகும்" எல்லாம் பலகையில் ஏறும். அதில் எது வலுவான காரணம் என்று குழுவே தேர்ந்தெடுக்கும். அதன் பிறகுதான் எடுப்பேன் என்றவர்களின் முறை. அவர்களிடம் கேட்பது, "அது உங்க அக்கா வண்டின்னா? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து பாக்குறாங்க, வண்டி இல்ல." சாக்கு வந்தால் நடத்துபவர் திருத்துவதில்லை, இது நான்கில் எந்த வகை என்று மற்ற பையன்களைக் கேட்கிறார். கடைசியில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வர முடியுமா என்று முயல்கிறார்கள். எல்லாரும் வராவிட்டாலும் குடி முழுகிவிடாது.

வரிசை மாறினால் எல்லாம் கெடும். எடுப்பேன் என்றவனிடம் முதலில் பேச்சுக் கொடுத்தால் மேடை அவனுடையதாகிவிடும், நான்கு பேர் சிரிப்பார்கள். தாமஸ் டிஷியன் ஓரிகனில் செய்த ஆய்வுகள் இந்தச் சிரிப்பைத்தான் பிடித்தன: விதி மீறிய கதைக்கு நண்பர்கள் சிரித்து ஊக்கம் கொடுத்த பையன்களிடம் பின்னாளில் குற்றம் கூடியது. குற்றச் சாயல் உள்ளவர்களை மட்டுமே கூட்டி, கைதேராத ஒருவரிடம் ஒப்படைத்தால் அந்தக் குழுவே பயிற்சிக்கூடமாகிவிடும். நடத்துபவரே பதிலைச் சொல்லிவிடுவது இன்னொரு கோளாறு. பையன்கள் அவருக்குப் பிடித்த வாக்கியத்தைக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பலன்? 1993ல் வெளியான முதல் சோதனையில் 57 பையன்கள். விடுதலையாகி ஓராண்டில், பயிற்சி பெற்றவர்களில் 15 சதவீதம் பேரும் பெறாதவர்களில் சுமார் 40 சதவீதம் பேரும் மீண்டும் சிக்கினார்கள். கண்ணைப் பறிக்கும் வேறுபாடுதான், ஆனால் எண்ணிக்கை சிறிது, நடத்தியவர்கள் வடிவமைத்தவர்களே. நெதர்லாந்தில் பின்னர் செய்து பார்த்தபோது சாக்குப்போக்குகள் குறைந்தன, மறுகுற்றம் குறையவில்லை. திட்டத்தை ஏட்டில் உள்ளபடி முழுமையாக நடத்தும் இல்லங்கள் அரிது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தியாவில் இந்த விவகாரம் ஆய்வறையோடு நிற்காமல் நீதிமன்றத்துக்கும் வந்துவிட்டது. குழந்தைகள் சட்டம் என்ற பெயரில் நாட்டின் முதல் சட்டம் 1920ல் மதராஸ் மாகாணத்தில் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 2016 ஜனவரி 15 முதல் அமலான 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு, 16 வயது முடிந்து 18 ஆகாத ஒருவர்மீது கொடுங்குற்றப் புகார் வந்தால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்குமேல் உள்ள குற்றமானால், சிறார் வழக்குகளைக் கையாளும் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. பார்க்க வேண்டியவை: குற்றத்தைச் செய்வதற்கான மன, உடல் திறன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், எந்தச் சூழலில் நடந்தது என்பது. முதல் முறை ஆஜர்படுத்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முடிவைப் பொறுத்து, அவரைப் பெரியவரைப் போல விசாரிப்பதற்காக வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் என்பதை "கத்தியால குத்தினா செத்துடுவான்னு தெரியுமா?" என்று சுருக்கி, கூடவே அறிவுத்திறன் சோதனை எண் ஒன்றை வைத்து முடித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. விளைவுகள் என்று சட்டம் பன்மையில் சொல்கிறது, அது பாதிக்கப்பட்டவருக்கு உடனே நேர்வதோடு முடியாது, அவர் குடும்பத்துக்கும் அந்தச் சிறுவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் பிற்காலத்தில் வரக்கூடியவையும் அதில் அடங்கும் என்றது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றும் சொன்னது. நீதிமன்றம் விவரித்த அந்த ஆற்றலை மேலே சொன்ன நான்கு படிகளில் தேடினால் மூன்றுக்குக் கீழே கிடைக்காது.

அதோடு, அமைதியான அறையில் யோசித்துப் பதில் சொல்வது ஒன்று, நண்பர்கள் சூழ நின்ற அந்த இரவு இன்னொன்று. இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுள்ள 5,227 பேரிடம் செய்து 2019ல் வெளியான ஆய்வில், நிதானமாக யோசிக்கும் திறன் 16 வயதை ஒட்டியே பெரியவர் அளவை எட்டுகிறது, தன்னைக் கட்டுப்படுத்தும் முதிர்ச்சி பதினெட்டைத் தாண்டியே வருகிறது. மதிப்பீட்டு மேசையில் சோதிக்கப்படுவது முன்னதுதான்.

நடைமுறையில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. முதற்கட்ட மதிப்பீடு விசாரணை இல்லை என்று சட்டமே சொல்கிறது, சிறுவன் குற்றமற்றவன் என்றே அதுவரை கருதப்பட வேண்டும். அப்படியிருக்க "ஏன் செஞ்சே?" என்று கேட்டால் அது வாக்குமூலம் வாங்குவதாகிவிடும். அதனால் கேள்வி அவன் வழக்குக்கு வெளியே நிற்க வேண்டும்: "ஒரு வீட்டில சம்பாதிக்கிறவர் கையில வெட்டு விழுந்திடுச்சு. அடுத்த மாசம் அந்த வீட்டில என்னென்ன நடக்கும்?" பதிலில் எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு தூரம் போகிறான் என்பதுதான் அளவு. "ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, கேஸ் போடுவாங்க" என்று நின்றுவிடுகிறவனும், "அந்த வீட்டுப் பையன் ஸ்கூல நிறுத்திட்டு வேலைக்குப் போவான்" என்று போகிறவனும் ஒரே பதில் சொன்னதாக அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. வழக்கு நடக்கும்போது சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பத்து வாரம் இருந்த பிறகு "தப்பு பண்ணிட்டேன் சார், திருந்திட்டேன்" என்று எல்லாப் பையன்களுமே சொல்லக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அறிக்கையில் "வருந்துகிறார்" என்று அந்த வரி ஏறிவிடும், காரணம் கேட்ட இடம் காலியாகவே இருக்கும்.